மிந்தோ சாச்சியின் தொண்ணூற்றாறு பிள்ளைகள்

உலகத்திலேயே அதிகப் பிள்ளை பெற்றவள் எங்கள் மிந்தோ சாச்சிதான், அதாவது என் சித்தி. சந்தேகம் இருப்பவர்கள் ஊருக்கு வந்து எண்ணிக்கொள்ளலாம். பத்தொன்பது வருஷத்தில் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம். எல்லாம் சுகப்பிரசவம், எல்லாம் நாலே நாளில். அவள் இடுப்பில் துணியைக் கட்டினால் சூரியன் கொஞ்சம் கீழே இறங்கி எட்டிப் பார்க்கும். பூமி சுற்றுவதை நிறுத்திவிட்டு, “ஆச்சா?” என்று கேட்கும். பஞ்சாப் முழுக்க விளைகிற கோதுமை அவள் வயிற்றைக் கேட்டுத்தான் முளைக்கிறது என்று நான் சொன்னால், அதில் பொய் ரொம்பக் கம்மி.

நடப்பது இதுதான். வருஷா வருஷம் விதைப்புக்கு முன்னால் சாச்சி விதைக் கோதுமை வைத்திருக்கும் தகர டிரம்மைத் திறப்பாள். நூற்றுக்கு எத்தனை முளைக்கும் என்று பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு நூறு மணி எடுப்பாள். கண்ணைத் திறந்தால் கை தானாகப் பருத்த மணியைத் தேடுமாம். ஈரத்துணியில் பத்துக்குப் பத்தாகப் பரப்பிச் சுருட்டி, மேலே பாலிதீன் சுற்றி, கமீஸுக்கு மேல் வயிற்றோடு கட்டிக்கொள்வாள். மேலே சால்வை. மற்ற வீடுகளில் ஈரச்சாக்கில் போட்டு மூலையில் வைப்பார்கள், கார்த்திகைக் குளிரில் அது ஒரு வாரம் தூங்கும். சாச்சிக்கு ஒரு வாரம் பொறுக்காது. வயிற்றுச் சூட்டில் நாலு நாள். அந்த நாலு நாளும் அவள் அப்படியே புல் அறுப்பாள், பால் கறப்பாள், டிராக்டர் ஓட்டுவாள்.

ஆறடிக்கு ஒரு விரல் குறைவான பெண்மணி அவள். சிரித்தால் எருமை காலை மாற்றி வைக்கும். அப்படிப்பட்டவள் வயிறு புடைக்கத் தெருவில் வந்தால் பெண்கள் விடுவார்களா?

“மிந்தோ, எத்தனாவது மாசம்?”

“மாசமாவது ஒண்ணாவது. ரெண்டாவது நாள். வெள்ளிக்கிழமை பொறந்துடும், வெல்லம் வாங்கி வை.”

சாச்சிக்கும் கஜ்ஜன் சாச்சாவுக்கும் குழந்தை இல்லை. அதை யாராவது மெதுவாகச் சொல்வதற்கு முன்னால் அவளே சத்தமாகச் சொல்லிவிடுவாள். அதனால் எங்கள் ஊரில் அதை மெதுவாகச் சொல்லவே யாருக்கும் வாய்ப்புக் கிடைத்ததில்லை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேர் நிம்மி, வயது பதினேழு, பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை தோற்றவள். பள்ளிக்கூடத்தைவிட சாச்சி வீட்டில்தான் அதிக நாள் வருகை. அங்கே ரொட்டியில் நெய் இரண்டு பக்கமும் தடவுவார்கள்.

இந்த வருஷத் தொல்லைக்குக் காரணம் நான் பாபு என்று கூப்பிடும் என் அப்பா, பசந்த் சிங். கஜ்ஜன் சாச்சாவின் அண்ணன். தாத்தா காலத்தில் ஒன்றாய் இருந்த வயலின் நடுவே இப்போது ஒரு வரப்பு. இந்தப் பக்கம் எங்களுடையது, அந்தப் பக்கம் சாச்சியுடைய மூன்று ஏக்கர். சாச்சா லாரி ஓட்டுகிறவர், வருஷத்தில் பத்து மாதம் வேறு எங்காவது இருப்பார். அந்த மூன்று ஏக்கரையும் சாச்சியே விதைத்து, சாச்சியே அறுக்கிறாள். அப்பாவின் பெரிய டிராக்டருக்கு அந்த வரப்பு கண்ணில் விழுந்த துரும்பு. வரப்பை எடுத்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓட்ட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை.

போன வைசாகிக்கு, அறுப்பு நேரத்தில் மழை கொட்டியது. அப்பாவுடையது முன்னாலேயே அறுத்தாகிவிட்டது. சாச்சியுடையது கதிரோடு நனைந்தது. அந்தக் கோதுமை மாவு கோடை முழுக்கக் கையில் பசை மாதிரி ஒட்டியது. அதிலிருந்துதான் சாச்சி விதையும் எடுத்து வைத்திருந்தாள். அப்பாவோ விவசாயக் கண்காட்சிக்குப் போய்ப் புது ரகம் வாங்கி வந்தார். ஒவ்வொரு மணியும் நகை மாதிரி மின்னியது.

விதைப்புக்குப் பத்து நாள் முன்பு பஞ்சாயத்து கூடியது. எங்கள் முற்றத்தில், கட்டிலில் அப்பா. பத்தடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டபடி சாச்சி. நடுவில் நான். கையில் போன், ஸ்பீக்கரில் சாச்சா. எங்கள் பக்கம் தம்பி பெண்டாட்டியும் புருஷனின் அண்ணனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். எது சொல்வதானாலும் நடுவில் ஒரு ஆள் வேண்டும். ஆறு வயதிலிருந்து அந்த ஆள் நான்தான். ஒவ்வொருவர் பேசுவதும் மற்றவருக்கு ஸ்பஷ்டமாகக் கேட்கும். இருந்தாலும் நான் திருப்பிச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு.

“நிம்மி, உன் சாச்சிகிட்ட சொல்லு. ரொட்டிக்கே ஒட்டுற கோதுமைய மண்ணுல போட்டா மண்ணும் ஒட்டிக்கும், அவ்வளவுதான். மூணு ஏக்கர் பாழ்.”

“சாச்சி, பாபு சொல்றார், உன் ரொட்டி பிரமாதமாம்.”

“அடியே, எனக்குக் காது இருக்கு. உன் பாபுகிட்ட சொல்லு. கடைச் சரக்குக்கு மினுக்கு ஜாஸ்தி. நம்ம ஊர் மண்ணுக்கு மினுக்கு தெரியாது.”

“பாபு, சாச்சி சொல்றா, நீங்க ரொம்ப மினுக்கா இருக்கீங்களாம்.”

அப்பா செருப்பைக் கழற்றினார். சாச்சியின் முதுகு குலுங்கியது. முக்காட்டுக்குள்ளே சிரிக்கிறாள்.

போனுக்குள்ளிருந்து சாச்சா, ஹார்ன் சத்தத்துக்கு நடுவே தீர்ப்புச் சொன்னார். விதைத்த பத்தாம் நாள் அண்ணன் சாச்சியின் வயலில் எந்த வரிசையை வேண்டுமானாலும் காட்டலாம். அந்த வரிசையில் சாண் அகலத்துக்கு முளைக்காத இடம் பத்துக்கு மேல் இருந்தால், அடுத்த வருஷத்திலிருந்து வயல் அண்ணன் பொறுப்பு. பத்துக்குள் இருந்தால் இந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது.

வெளியே வந்ததும் சாச்சி முக்காட்டை உதறினாள். சிரிப்பு இல்லை.

“வயல் இல்லைன்னா நான் என்னடி, சுவத்துல மாட்டின காலண்டரா? அவர் வரும்போது தேதி காட்டவா?”

அவள் துப்பட்டா நுனியில் ரகசியமாக ஒரு முள்ளுக்காயை ஒட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

அடுத்த திங்கட்கிழமை சாச்சி துணியைக் கட்டினாள். செவ்வாய்க்கிழமை காலை அவள் குளிக்கப் போனதும் துணிச் சுருள் வழக்கம்போல ஆணியில் தொங்கியது. நான் போனது சத்தியமாக வேறு காரியத்துக்கு. என் சட்டைப் பையில் ஐந்து கொண்டைக்கடலை இருந்தது. அதை உள்ளே செருகிவிட்டால், வெள்ளிக்கிழமை சாச்சி ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு பிரிக்கும்போது கோதுமைக்குக் கடலை பிறந்திருக்கும். அதை நினைத்து இரண்டு நாளாகத் தூக்கத்தில்கூடச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

துணியைப் பிரித்தேன். கடலையை மறந்தேன்.

பாதிக்கு மேல் மணிகளில் வெள்ளையாக வேர் நுனி எட்டிப் பார்த்தது. மீதி அப்படியே கிடந்தது. ஊறி, வீங்கி, நுனி கறுத்து, தூங்குகிறதா செத்ததா என்று சொல்ல முடியாமல். மழையில் நனைந்தது அத்தனையும் அங்கே படுத்திருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். அப்பாவின் புது விதை மூட்டையில் ஒரு பிடி எடுத்தேன். என் பழைய பள்ளிக்கூட சாக்ஸில் போட்டு நனைத்து, குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் சூடான இடத்தில் செருகினேன். இரண்டு நாள் அம்மா, “வீட்டுல என்னடி செத்த எலி வாசனை?” என்று தேடிக்கொண்டிருந்தாள். என் சாக்ஸுக்குக் கோதுமையே வேண்டாம், சும்மாவே அந்த வாசனை வரும் என்பதை நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாச்சி குளிக்கும்போது எண்ணினேன். முப்பத்தொன்று முளைக்கவில்லை. இருபத்தேழைப் பொறுக்கி எடுத்துவிட்டு, சாக்ஸிலிருந்து முளைத்த இருபத்தேழை அந்தந்த இடத்தில் படுக்க வைத்தேன். நாலை மட்டும் விட்டுவைத்தேன். நூற்றுக்கு நூறு என்றால் யார் நம்புவார்கள்? நான் வாங்காத மதிப்பெண்ணை வேறு யாருக்கும் போட எனக்குக் கை வராது.

வெள்ளிக்கிழமை முற்றத்தில் ஏழெட்டுப் பெண்கள். சாச்சி துணியைப் பிரித்து எண்ணினாள்.

“தொண்ணூத்தாறு!”

பெண்கள் கைதட்டினார்கள். யாரோ ஒருத்தி நிஜமாகவே வெல்லம் கொண்டு வந்திருந்தாள். சாச்சி துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு என் வாயில் ஒரு கட்டி வெல்லத்தைத் திணித்தாள்.

“வாயைத் தொறந்து வெச்சிருக்காதே, ஈ போகும்.”

முளைவிட்டதையெல்லாம் ஒரு தட்டில் பரப்பி மாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலில் வைத்தாள். அது அவள் வழக்கம். இரண்டு நாள் வெயில் காட்டி, முதல் இலை அகலமா ஒல்லியா என்று பார்ப்பாள். அகலமாக இருந்தால், “இதோட அம்மா வயித்துக்கு வஞ்சனை பண்ணாதவ” என்பாள். அப்புறம் எருமைக்குப் போட்டுவிடுவாள். இந்தத் தடவை நான் அந்த மாடிப்பக்கமே போகவில்லை. எனக்கு என்னவோ திடீரென்று எங்கள் வீட்டு ரொட்டி பிடித்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை சாச்சியே கூப்பிட்டாள்.

“நிம்மி, உன் பாபுகிட்ட ஒண்ணு சொல்லணும். சரியாச் சொல்லு, உன் மசாலா வேண்டாம். மண்ணை முட்டிக்கிட்டு வர்ற முளைக்கு ஒரு மூக்கு இருக்குல்ல, உறை மாதிரி? அவரோட புது விதைக்கு அந்த மூக்கு குட்டை. ரெண்டு விரல் ஆழத்துக்கு மேல போட்டா வெளிச்சத்துக்கு எட்டாது. பாதியில மூச்சு முட்டிடும்.”

எதிராளிக்கு எதற்கு வைத்தியம் என்று எனக்குக் கோபம். வீட்டுக்குப் போய், “பாபு, சாச்சி சொல்றா, உங்களுக்கு மூக்கு குட்டையாம்” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்பா கண்ணாடியில் போய் மூக்கைப் பார்த்தார். மறுநாள் காலையில் விதைக் கருவியின் கொழுக்களை நாலு விரல் ஆழத்துக்கு இறக்கி, ஊரே பார்க்க உறுமிக்கொண்டு விதைத்தார்.

அதே நாள் வரப்புக்கு அந்தப் பக்கம் சாச்சியும் விதைத்தாள். துப்பட்டாவைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் டிராக்டர் ஓட்ட, பின்னால் விதைக் கருவியின் பலகையில் நின்று குழாய் அடைக்காமல் பார்ப்பது என் வேலை. மூன்று ஏக்கருக்கு மூன்று மூட்டை, அதுதான் எங்கள் ஊர் அளவு. அன்றைக்குக் கருவி நாலாவது மூட்டையையும் விழுங்கியது, அதற்கு மேலும் கொஞ்சம் கேட்டது.

“என்ன சாச்சி, நாலு மூட்டை தாண்டிடுச்சு?”

“குருவிக்கும் பசிக்கும்ல. குழாயைப் பாருடி.”

குழாயைப் பார்த்தேன். நான் கணக்கில் இரண்டு தடவை தோற்றவள் என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் பயம் பிடித்தது. விதைத்த மூன்றாம் நாள், ரொட்டி மெல்லும்போது, திடீரென்று எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. துணியில் ஆளை மாற்றினேன், சரி. டிரம்மில் மாற்றினேனா? மண்ணுக்குள் போனது அதே நனைந்த கோதுமை. நூற்றில் முப்பத்தொன்று பிணம். உண்மை தெரிந்திருந்தால் சாச்சி ஏதாவது செய்திருப்பாள். அவளுக்கு நான் தொண்ணூற்றாறு என்று வெல்லம் ஊட்டிவிட்டேன். அவளைக் காலண்டராகச் சுவரில் மாட்டப்போவது என் அப்பா இல்லை, நான். ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். எங்கள் வீட்டு ரொட்டியை எப்போதுமே பாதி வைப்பேன், அன்றைக்கு முக்கால்வாசி.

ஆறாம் நாள் காலைப் பனியில் போய்ப் பார்த்தேன். சாச்சியின் மண்ணிலிருந்து ஊசி ஊசியாகப் பச்சை வந்திருந்தது. அதைப் பார்த்துக் குதித்தேன். பிறகு அங்கங்கே வெற்றிடத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். அப்பா பாதையோரமாக நடந்து வந்து, முதலில் கண்ணில் படுகிற வரிசையைத்தான் காட்டுவார் என்று கணக்குப் போட்டேன். சாக்ஸ் மறுபடி வேலைக்கு வந்தது. ஊற வைத்த அப்பாவின் விதையை, பாதையோர வரிசையின் வெற்றிடங்களில் விரலால் குழி குத்தி ஒவ்வொன்றாகப் புதைத்தேன். விரல் மரத்துப்போனது. எதிரே வந்த பால்காரர், “என்ன தேடுற?” என்றார். “தோடு” என்றேன். அந்த நல்ல மனுஷன் சைக்கிளை நிறுத்தி அரை மணி நேரம் என்னோடு சேர்ந்து தேடினார்.

பத்தாம் நாள். அப்பா மீசையை முறுக்கிக்கொண்டு வரப்பில் நின்றார். சாச்சி முக்காட்டோடு பத்தடி தள்ளி. நடுவில் நான்.

அப்பா பாதையோர வரிசையைப் பார்க்கவே இல்லை. “நிம்மி, உன் சாச்சிகிட்ட சொல்லு. அந்த நடு வரிசை” என்றார்.

அந்த வரிசையில் நான் ஒரு விதையும் நட்டிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா சாண் போட்டுக்கொண்டு குனிந்தபடியே போனார். “ஒண்ணு” என்றார். ரொம்ப நேரம் கழித்து “ரெண்டு.” வயலின் அந்தக் கோடியிலிருந்து “மூணு” என்று ஒரு சோகமான குரல் வந்தது. அவ்வளவுதான். நான் கண்ணைத் திறந்தபோது, வரிசை முழுக்க நெருக்கமாகப் பச்சை, ஒவ்வொன்றும் கூட்டத்தில் இடம் பிடிக்கிற மாதிரி முண்டியடித்துக்கொண்டு நின்றது.

அப்பா இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்து, வரப்புக்கு இந்தப் பக்கம் தன் வயலைப் பார்த்தார். அங்கே திட்டுத் திட்டாகத்தான் வந்திருந்தது. மீதி நாலு விரல் ஆழத்தில் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. எத்தனை ஏறும், எத்தனை மூச்சு முட்டும் என்று யாருக்கும் தெரியாது.

“நிம்மி” என்றார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. “உன் சாச்சிகிட்ட சொல்லு. வரப்பு இருந்த இடத்துலயே இருக்கும். அப்புறம், அடுத்த வருஷம் என் விதையிலயும் ஒரு நூறு எடுத்துப் பாக்கச் சொல்லு.”

இதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை.

அப்பா போனதும் நான் சாச்சியைக் கட்டிக்கொண்டு சுற்றினேன். ஆறடியைச் சுற்றுவது சுலபமில்லை, இரண்டு பேரும் வரப்பில் விழுந்தோம். எழுந்து மண்ணைத் தட்டியவள் என் காதைப் பிடித்து, நேராகப் பாதையோர வரிசைக்குக் கூட்டிப் போனாள். குனிந்தாள்.

“இது யாரு?”

பச்சை ஊசிகளுக்கு நடுவில் ஒன்று, அன்றைக்குத்தான் மண்ணைக் கீறி எட்டிப் பார்த்தது. அதன் மூக்கு சிவப்பு. பீட்ரூட் தின்ற குழந்தையின் உதடு மாதிரி.

“எனக்கு எப்படித் தெரியும் சாச்சி?”

“என் பிள்ளைங்களுக்கு மூக்கு பச்சை. பத்தொன்பது வருஷமா ஒண்ணுக்குக்கூடச் செவக்கல. துணிக்குள்ள இருட்டுல எல்லாமே வெள்ளைதான். ஆனா தட்டை வெயில்ல வெச்ச மறுநாளே இருபத்தேழு மூக்கு செவந்து நிக்குது. எல்லாமே குட்டை மூக்கு. உன் பாபு விதைக்கு மூக்கு குட்டைன்னு எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு நீ ஒரு நிமிஷமாவது யோசிச்சியா?”

நான் யோசிக்கவில்லை. யோசிக்கிறவளாக இருந்தால் பத்தாம் வகுப்பு தேறியிருப்பேன்.

“அறுபத்தொம்பதுதான் என்னுது. அதுக்குத் தகுந்த மாதிரி விதையைக் கூட்டிப் போட்டேன். நாலு மூட்டை குருவிக்குன்னு நினைச்சியா?”

“நீ தோத்துடக் கூடாதுன்னுதான்...” என்றேன். அது எனக்குப் பழக்கமில்லாத வாக்கியம்.

சாச்சி காதை விட்டாள். அதே கையால் என் தலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள், தேவைக்கு அதிகமாகவே.

“அறுபத்தொம்பது பொறந்தா அறுபத்தொம்பதுன்னே இருக்கட்டும்டி. என் கணக்குல பொய்ப்பிள்ளை வேண்டாம்.” பிறகு வரிசை நெடுக அங்கங்கே தெரிந்த சிவப்பு மூக்குகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினாள். “இதுங்க வந்துடுச்சு, வளரட்டும். பிடுங்க மாட்டேன். இந்த வரிசையில எத்தனை நட்டே?”

“ஏழு.”

“நல்லா எண்ணிச் சொல்லு.”

“சத்தியமா ஏழுதான் சாச்சி. ஒவ்வொண்ணா நட்டேன்.”

“காலை எடு” என்றாள்.

எடுத்தேன். என் செருப்புக்கு அடியிலிருந்து எட்டாவது, மூக்குச் சிவந்து, மெதுவாக நிமிர்ந்தது.